மங்கு, பரு வடு, நியாசினமைடு: வீட்டு மேசையில் முதல் சீரம் செய்ய

"அக்கா, இதப் போட்டா கலர் வருமா?"

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் பெண் கேட்டது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருந்தது. கையில் நான் கொடுத்த 30 மில்லி பாட்டில். "கலர் வராது கண்ணு. உன் கலர் உனக்கு அப்படியே இருக்கும். கன்னத்துல இருக்கிற திட்டு மட்டும் மெல்ல மெல்ல மங்கும்" என்று சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பாட்டிலில் இருந்தது நியாசினமைடு சீரம், வைட்டமின் பி3யின் ஒரு வடிவத்தைக் கரைத்து முகத்தில் பூசும் நீர்மம். நீங்களும் அதைச் செய்யப் பழக வந்திருந்தால், முதலில் இந்தப் பதிலை உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். தோலைப் பளிச்சென்று காட்டும் பொருள்கள் எத்தனையோ உண்டு. வைட்டமின் சி சீக்கிரம் பழுத்துப் பழுப்பாகிவிடும். கோஜிக் அமிலமும் நாளாக நாளாக நிறம் மாறும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டியது, நம் மேசைக்கு அது வேண்டவே வேண்டாம். நியாசினமைடு மட்டும் தண்ணீரில் சர்க்கரைபோலக் கரையும், நாற்றமில்லை, வெயிலும் சூடும் பெரிதாகக் கெடுக்காது, விலையும் கட்டுப்படியாகும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதையே முதலில் கொடுப்பேன்.

தோலுக்குள் அது என்ன செய்கிறது

மேல்தோலின் அடி அடுக்கில் மெலனோசைட் என்ற செல்கள் உண்டு. மெலனின் என்ற நிறமியைச் செய்வது அவைதான். செய்த நிறமியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தோல் செல்களுக்குக் கைமாற்றிவிடும். அந்தப் பொட்டலத்துக்கு மெலனோசோம் என்று பெயர். வாங்கிய செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொள்ளும். வெயிலிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

நியாசினமைடு நிறமி செய்வதை நிறுத்துவதில்லை. பொட்டலம் கைமாறுவதைக் குறைக்கிறது. 2002இல் ஜப்பானில் ஹகோசாகி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் சேர்த்து வளர்த்த செல்களில் இந்தக் கைமாற்றம் 35 முதல் 68 சதவீதம் வரை குறைந்தது. அதே ஆய்வில் 5% நியாசினமைடு பூசிக்கொண்ட பெண்களின் கருந்திட்டுகளும் நாலு வாரத்தில் குறைந்து தெரிந்தன. பூசுவதை நிறுத்தினால் கைமாற்றம் பழையபடி நடக்கும். அதனால்தான் இதைப் பாதுகாப்பானது என்கிறோம், அதனால்தான் பொறுமையும் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மேலே வந்துவிட்ட நிறமி, அந்தத் தோல் செல் உதிரும்போதுதான் போகும்.

மங்குக்கு இது உதவுமா என்று 2011இல் மெக்சிகோவில் 27 பேரிடம் பார்த்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் 4% நியாசினமைடு, மறு பக்கம் 4% ஹைட்ரோகுவினோன், எட்டு வாரம். ஹைட்ரோகுவினோன் பக்கத்தில் 55% பேருக்கு நல்ல மாற்றம், நியாசினமைடு பக்கத்தில் 44% பேருக்கு. எரிச்சல் போன்ற தொந்தரவு நியாசினமைடு பக்கத்தில் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் மேசையில் செய்யக்கூடிய ஒரு பொருள் இந்த அளவுக்கு நிற்கிறது என்றால், அதை ஒழுங்காகச் செய்யக் கற்பது வீண்போகாது.

நியாசினமைடு வைட்டமின் பி3யின் ஒரு வடிவம் என்றேன். இந்த வைட்டமின் உணவில் போதாமல் போனால் பெலாக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் கழுத்தும் கையும் கறுத்து, செதில் செதிலாக உரியும். தக்காணத்தில் சோளமே மூன்று வேளைச் சாப்பாடாக இருந்த ஏழைகளிடம் இதைப் பார்த்து ஆராய்ந்தவர் டாக்டர் சி. கோபாலன். அவர் பணியாற்றியது குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில். தோலுக்கும் இந்த வைட்டமினுக்கும் உள்ள உறவு அழகுசாதனக் கடைகளுக்கு வெகு முன்னாலேயே தெரிந்த விஷயம்.

இந்தியாவில் முகக் கிரீமுக்குள் நியாசினமைடு வந்ததும் புதிதல்ல. 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் முக்கியப் பொருளே இதுதான். 2020இல் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' எடுக்கப்பட்டு 'க்ளோ' வந்தது. பொருளின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சிவப்பழகு என்ற சொல் மேல்தான் கோபம். கறுப்பாகப் பிறந்த பெண் குழந்தையிடம் நீ குறையோடு பிறந்தாய் என்று சொன்ன சொல் அது. நீங்கள் செய்யும் பாட்டிலில் அந்தச் சொல்லை ஒட்டாதீர்கள்.

வாங்கும்போது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நியாசினமைடு, நிகோடினமைடு இரண்டும் ஒரே பொருள். நியாசின், நிகோடினிக் அமிலம் இரண்டும் ஒரே பொருள். ஆனால் முதல் ஜோடியும் இரண்டாம் ஜோடியும் வேறு வேறு. கடைக்காரர் "எல்லாம் பி3தான்மா" என்பார். வைட்டமின் கணக்கில் அது சரி, முகத்துக்குச் சரியில்லை. நியாசினைத் தோலில் தடவினால் ரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவந்து எரியும்.

பெயரை விட்டுவிட்டு சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள அடையாள எண் அது. நியாசினமைடுக்கு 98-92-0. நியாசினுக்கு 59-67-6. பொட்டலத்திலும், அதோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழிலும் முதல் எண் இருக்க வேண்டும். சான்றிதழ் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். சான்றிதழில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: எஞ்சிய நிகோடினிக் அமிலம் எவ்வளவு. அழகுசாதனத் தரத்தில் அது மிகக் குறைவாக இருக்கும். கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கலக்கும் பி3 கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது, அதன் தரம் வேறு. அதை முகத்துக்குக் கொண்டுவராதீர்கள். முதல் முயற்சிக்கு 50 கிராம் போதும். அதில் 100 கிராம் சீரம் பத்துத் தடவை செய்யலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம், ஆனால் ஒன்றில் மட்டும் கை இறுக்கக் கூடாது: 0.01 கிராம் காட்டும் தராசு. நகைத் தராசு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஸ்பூன் கணக்கு இந்த வேலைக்கு உதவாது. ஒரே ஸ்பூனில் தளர்வாக அள்ளினால் ஓர் எடை, அமுக்கி அள்ளினால் வேறு எடை. மில்லியிலும் அளக்காதீர்கள், தண்ணீர் உட்பட எல்லாமே கிராமில். பிறகு 250 மில்லி கண்ணாடி பீக்கர் இரண்டு, கண்ணாடிக் குச்சி, காபி நுரைக்க வைத்திருக்கும் சின்ன பேட்டரி விஸ்க், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) காட்டும் தாள், 70% ஐசோபுரொபைல் ஆல்கஹால், கையுறை, ஒரு நோட்டு.

தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும், ஆய்வகத்துக்கு விற்கும் தரத்தில். கேன் தண்ணீர் வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கும் தண்ணீரும் வேண்டாம், அது எந்தப் பாத்திரத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

100 கிராமுக்கு அளவு

டிஸ்டில்டு வாட்டர் 88.4 கிராம்
நியாசினமைடு 5 கிராம்
கிளிசரின் 4 கிராம்
பாந்தெனால் 1 கிராம்
பினாக்ஸிஎத்தனால், எத்தில்ஹெக்ஸில்கிளிசரின் கலவை (கிருமி வளராமல் காக்கும் பிரிசர்வேடிவ்) 1 கிராம்
சாந்தன் கம், தெளிவான ரகம் 0.3 கிராம்
அலன்டாயின் 0.2 கிராம்
டைசோடியம் இடிடிஏ 0.1 கிராம்

கூட்டிப் பாருங்கள், 100 வரும். எந்தப் பக்குவத்தை யார் கொடுத்தாலும் முதலில் கூட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கூட்டினால் தண்ணீரில் அதே அளவு குறைக்க வேண்டும்.

இதில் வேலை செய்வது நியாசினமைடு. கிளிசரினும் பாந்தெனாலும் ஈரம் பிடிக்கும். அலன்டாயின் எரிச்சல் தணிக்கும். இடிடிஏ தண்ணீரில் ஒட்டியிருக்கும் உலோக அயனிகளைக் கட்டிப்போட்டு பிரிசர்வேடிவுக்குக் கைகொடுக்கும். சாந்தன் கம் வழியாமல் நிற்க வைக்கும்.

செய்முறை

மேசை, தராசுத் தட்டு, பீக்கர், குச்சி, பாட்டில், மூடி எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, காயவிட்டு, ஆல்கஹால் தெளித்து மறுபடி காயவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தூசிக்காக மட்டும் சொல்லவில்லை, 0.01 கிராம் தராசு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் காயும்வரை அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

தண்ணீரை பீக்கரோடு எடைபோட்டு, எண்ணை எழுதிவைத்து, சூடாகும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பீக்கரை இறக்குங்கள். 75, 80 டிகிரியில் கால் மணி நேரம் இருக்கட்டும். எடுத்ததும் வெளிப்புற ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். இரண்டு மூன்று கிராம் ஆவியாகப் போயிருக்கும். அதே போல் சூடுபடுத்தி வைத்த வேறு டிஸ்டில்டு வாட்டரால் ஈடுகட்டுங்கள். இதை விட்டால் உங்கள் 5% உண்மையில் 5% ஆக இருக்காது.

சூடு 50 டிகிரிக்கு இறங்கும்போது அலன்டாயினையும் இடிடிஏவையும் போட்டுக் கலக்குங்கள். அலன்டாயின் அடம்பிடிக்கும், அடியில் மணல்போல உட்கார்ந்திருக்கும். நாலைந்து நிமிடம் பொறுமையாகக் கிளறினால் கரைந்துவிடும்.

இப்போது இன்னொரு பீக்கரில் சாந்தன் கம். இதில் தவறாதவர்களை நான் பார்த்ததில்லை. தூளை நேராகத் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். ரவையைக் கொதிநீரில் மொத்தமாகக் கொட்டிய உப்புமாவை நினைத்துக்கொள்ளுங்கள்: கட்டியைப் பிட்டுப் பார்த்தால் வெளியே வழவழப்பு, உள்ளே உலர்ந்த மாவு. எத்தனை நேரம் அடித்தாலும் அந்தக் கட்டி கரையாது. அதனால் முதலில் 4 கிராம் கிளிசரினை பீக்கரில் எடுத்து, அதன் மேல் 0.3 கிராம் கம்மைத் தூவி, குச்சியால் குழையுங்கள். கிளிசரினில் கம் வீங்காது, தூள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நனையும், அவ்வளவுதான். தோசைக்கல்லில் தேய்க்கும் எண்ணெயில் மாவு கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குழம்பல் வரும். அதில் முதல் பீக்கரில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் ஒரு ஸ்பூன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே விஸ்க்கால் அடியுங்கள். இரண்டு நிமிடத்தில் குச்சியில் நூல்போல இறங்கும். ஒட்டியிருக்கும் நுண்ணிய கட்டிகள் அரை மணி நேரம் ஊறவிட்டால் தானே போய்விடும்.

நியாசினமைடை சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கியபிறகு போடலாம். குச்சியால் பத்துச் சுற்று, கண்முன்னே காணாமல்போகும். பாந்தெனாலும் இப்போதுதான். பாந்தெனால் தேன்போல ஒட்டும் வகை என்றால் கரண்டியில் அளக்காமல், தராசில் வைத்த பீக்கருக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசியாக பிரிசர்வேடிவ். ஊற்றியதும் எண்ணெய் இழைகள்போல மேலும் கீழும் ஓடும். பயப்பட வேண்டாம், ஆனால் இழை மறையும்வரை கிளறுவதை நிறுத்தவும் வேண்டாம். கரையாமல் நின்றால் அந்த இடத்தில் மட்டும் பிரிசர்வேடிவ் அதிகமாகவும் மற்ற இடத்தில் இல்லாமலும் போகும்.

பிஎச்

நியாசினமைடுக்குப் பிடித்த பிஎச் 5 முதல் 7 வரை. நான் 6ஐ ஒட்டி வைப்பேன். கடும் அமிலத்திலோ காரத்திலோ, அதுவும் சூட்டில், நியாசினமைடு மெல்ல உடைந்து நிகோடினிக் அமிலமாகும். முகத்தைச் சிவக்க வைக்கும் அதே அமிலம். ஒரே நாளில் நடப்பதில்லை, ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அலமாரியில் கிடக்கும் பாட்டிலுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது.

சீரத்தில் ஒரு துளி பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். இந்தப் பக்குவத்தில் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் நடுவில் வரும். 7ஐத் தாண்டினால் மட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை 9 கிராம் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து ஒரு சொட்டு, கலக்கு, பார். இன்னொரு சொட்டு, கலக்கு, பார். அவசரப்பட்டு 4க்கு இறக்கிவிட்டு, பிறகு சோடா உப்பு போட்டு ஏற்றி, மறுபடி இறக்கி என்று ஆடியவர்களின் சீரத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஆட ஆட அளவெல்லாம் தப்பிவிடும். 6.5 காட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதன் அமிலம் பழத்துக்குப் பழம் மாறும், போதாக்குறைக்கு வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைக்கும் பொருளும் அதில் உண்டு.

பிரிசர்வேடிவ் இல்லாமல் செய்யலாமா

கூடாது. தண்ணீர் இருக்கும் எந்தப் பொருளிலும் கூடாது. என் முதல் சீரத்தில் நான் தண்ணீருக்குப் பதில் பன்னீர் ஊற்றி, 'கெமிக்கல் எதுக்கு' என்று பிரிசர்வேடிவை விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சுபோல ஒரு சின்ன உருண்டை மிதந்தது. அதற்கு முந்தைய நாள்வரை அதை என் தங்கை முகத்தில் பூசியிருந்தாள். அவளுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ரொம்ப நாள் மனசு ஆறவில்லை. பூஞ்சையாவது கண்ணுக்குத் தெரியும், பாக்டீரியா லட்சக்கணக்கில் இருந்தாலும் சீரம் தெளிவாகவே இருக்கும். பரு உடைந்த தோலில் அதைத் தடவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வைட்டமின் ஈ எண்ணெய் பிரிசர்வேடிவ் ஆகாது, எண்ணெய் சிக்கடிக்காமல் மட்டுமே காக்கும். வேப்பிலைச் சாறும் ஆகாது. பினாக்ஸிஎத்தனால் 1% வரை என்பது உலகம் முழுக்கப் புழங்கும் அளவு.

பம்ப் வைத்த பாட்டில் நல்லது, விரல் உள்ளே போகாது. காற்றுக் குமிழி அடங்க ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு மறுநாள் நிரப்புங்கள். பாட்டிலில் செய்த தேதி எழுதுங்கள். வீட்டில் செய்ததை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நிறமோ வாசனையோ மாறினால் அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பூசும் முறை

முழங்கையின் உட்பக்கம் காலையும் மாலையும் மூன்று நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தாடை ஓரத்தில் இரண்டு நாள், பிறகு முகம் முழுக்க. கழுவிய முகத்தில் இரண்டு மூன்று துளி போதும். அதிகம் பூசினால் சாந்தன் கம் ரப்பர் துகள்போல உருண்டு வரும்.

பகலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். வெயில் ஒரு பக்கம் நிறமி செய்யச் சொல்லி விரட்டும், சீரம் இன்னொரு பக்கம் தடுக்கும், கடைசியில் வெயில்தான் ஜெயிக்கும். மங்குக்கு இது இரண்டு மடங்கு உண்மை. டியூஷன் எடுக்கும் அந்தப் பெண்ணிடம் சீரத்தைவிட சன்ஸ்க்ரீனைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும்போதும் பூச வேண்டுமா என்றாள். அப்போதும்தான்.

எட்டு வாரத்துக்கு முன்னால் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், இரண்டு வாரத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும். பரு போன இடத்துப் பழுப்பு வடு சீக்கிரம் மங்கும். மங்கு அசையவே நாளாகும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். திடீரென்று பரவும் கரும்படை, ஓரம் ஒழுங்கில்லாத மச்சம், கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணிபோலத் தடித்த கறுப்பு இதெல்லாம் சீரத்தின் வேலை இல்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள். கழுத்துக் கறுப்பு சர்க்கரை நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

வைட்டமின் சியோடு சேரக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. காலையில் ஒன்று இரவில் ஒன்று பூசுவதில் எந்தத் தவறும் இல்லை. ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், அவ்வளவுதான். சுத்தமான அஸ்கார்பிக் அமிலம் 3.5க்குக் கீழே பிஎச் கேட்கும், நியாசினமைடு 6 கேட்கும், இரண்டும் கலந்தால் மஞ்சளாகும்.

செய்து பழகியதும் கை அடுத்து 10% பக்கம் போகும். எனக்கும் போனது. நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் 2% முதல் 5% வரை உள்ள அளவில் நடந்தவை. அதற்கு மேலே போனால் சிலருக்குச் சிவப்பும் குறுகுறுப்பும் வருகிறது, திட்டு இரண்டு மடங்கு வேகமாக மங்குவதை நான் கண்டதில்லை. 5இல் நில்லுங்கள். உணர்ச்சி மிகுந்த தோல் என்றால் 2 போதும்.

விற்க நினைத்தால்

வீட்டுக்கும் தங்கைக்கும் செய்வது வேறு, காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வேறு. இந்தியாவில் அழகுசாதனப் பொருளைச் செய்து விற்க, 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின் கீழும் உரிமம் வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் கொடுக்கிறது. தனி இடம், தகுதியுள்ள ஆள், பரிசோதனை வசதி எல்லாம் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் பத்துப் பாட்டில் விற்றாலும் விற்பனைதான்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரக நோய் வந்தது. விசாரித்ததில் அவர்கள் பூசியது லேபிள் ஒழுங்காக இல்லாத சிவப்பழகு கிரீம், அதில் பாதரசம். இங்கேயும் சந்தைகளில் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் பத்தே நாளில் 'கலர்' கொடுத்து, பத்து மாதத்தில் முகத்தைத் தாளாக்கிவிடுகின்றன. உங்களிடம் வாங்குகிறவர் இவற்றையெல்லாம் போட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். என்ன பூசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்டீராய்டு என்று தெரிந்தால் பாட்டிலைக் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள், சட்டென்று நிறுத்தினாலும் முகம் கொதித்துப்போகும்.

நோட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தேதி, ஒவ்வொரு பொருளின் உண்மையான எடை, எந்தப் பொட்டலம், ஆவியான தண்ணீர், கடைசி பிஎச், யாருக்குக் கொடுத்தீர்கள், இத்தனையும் அன்றைக்கே எழுதுங்கள். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் சின்னப் பாட்டிலில் 10 கிராம் எடுத்து அலமாரியில் வையுங்கள். யாராவது முகம் எரிகிறது என்று வந்தால், முதலில் நோட்டில் அந்தத் தேதியைத் திறந்து, பிறகு அந்தச் சின்னப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.